ஒரு வருஷத்தில் நாலு வீடு

நாவுல,
1974 நவம்பர்

என் கண்ணான மகள் மஸீஹாவுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நானும் உன் வாப்பாவும் உயிரோடு இருக்கிறோம், சுகமாக இருக்கிறோம் என்று எழுதினால் அது பாதிதான் உண்மை, மீதியை இந்தக் கடிதத்தில் சொல்கிறேன். நீயும் மருமகன் நுஹ்மானும் என் பேரனும் கல்முனையில் நோய்நொடி இல்லாமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். பிள்ளைக்குப் பல் முளைக்கிறது என்று எழுதியிருந்தாய், காய்ச்சல் வந்தால் பதறாதே, தலைக்குத் தண்ணீர் வார்க்காமல் உடம்பை மட்டும் துடைத்துவிடு. உன் கடிதங்கள் நாங்கள் விட்டுப்போன வீடுகளையெல்லாம் சுற்றிவிட்டு இப்போதுதான் என் கைக்கு வந்தன. உம்மா பதில் போடவில்லை என்று கோபித்திருப்பாய், எந்த ஊரிலிருந்து எழுதுகிறேன் என்று எனக்கே நிச்சயமில்லாமல் இருந்தது மகளே.

மாத்தளையில் வாப்பாவின் புடவைக் கடையை மூடியது உனக்குத் தெரியும். வெளிநாட்டுத் துணி வருவது நின்றுபோய் துணி அடுக்கும் றாக்கையெல்லாம் வெறுமையாகக் கிடந்தது, கடையை மூடியதில் அவரைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் கடை மூடிய பிறகு அவருடைய கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. ஏலக்காய் வாங்கி விற்பதுதான் இனித் தொழில் என்று ரிவர்ஸ்டன் பக்கம் ஒரு தோட்டத்துக் கூலியாட்களின் லயத்தில் ஒற்றை அறைக் காம்பரா பிடித்தார். அங்கே மூடுபனிக்குள் உடுத்த துணி காயாது, பக்கத்து வீட்டு முகம்கூடத் தெரியாது. நான் இருமிக்கொண்டே கிடந்தேன். ஏலக்காயைத் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோகவிடாமல் மறித்துவிட்டார்கள், உடனே வாப்பா காய்ந்த செத்தல் மிளகாய் வியாபாரத்துக்கு மாறி நாவுலைக்கு வந்தார். ஒவ்வொரு தடவையும் முடிவெடுத்த பிறகுதான் என்னிடம் சொல்வார், நான் மூட்டையைக் கட்டுவேன். வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம், அப்படிச் சொல்லலாம் என்பதே அப்போது என் நினைவுக்கு வரவில்லை.

நாவுலையில் பீபி ராத்தாவின் வீட்டில் ஓர் அறை கிடைத்தது. தனியாக இருக்கும் மனுஷி, வாய் கொஞ்சம் நீளம், மனசு நல்லது. அவருடைய தையல் மெஷின் சும்மா கிடந்தது, நான் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பெருநாள் சட்டை தைத்துக் கொடுக்கத் தொடங்கினேன். அதைப் பார்த்த பள்ளிக்கூடத்துப் பெரிய மாஸ்டர் வாசலில் வந்து நின்று, "பொம்பளப் புள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்குடுக்க ஆளில்லாம ஈக்கிறோம், நீங்க வந்தா பெரிய உதவி" என்றார். மகளே, இந்த வயதில் எனக்கு வேலை கொடுக்க ஒருவர் வந்து நிற்கிறார் என்று அடுப்படிக்குள் போய்ச் சிரித்தேன், பிறகு அழுதேன். தயங்கித் தயங்கித்தான் வாப்பாவிடம் கேட்டேன், போ என்றார். கரும்பலகையில் கை அளவு கழுத்து அளவு எழுதிக் காட்டினேன், பிள்ளைகள் என்னை டீச்சர் என்று கூப்பிட்டார்கள். எனக்கு அந்தப் பேர் பழகும் முன்பே வாப்பா வந்து, வாங்கி விற்பவனுக்கு ஒன்றும் மிஞ்சாது, மிளகாயை நட்டவன்தான் பிழைக்கிறான், லக்கலயில் காடு வெட்டிப் பயிர் செய்யச் சேனை நிலம் பிடித்தாயிற்று, நாளைக்குக் கிளம்புவோம் என்றார். பெரிய மாஸ்டரிடம் சொல்லிக்கொள்ளக்கூட நேரமில்லை. பீபி ராத்தாதான் பஸ் வரைக்கும் வந்து, "ஏன் ஸக்கியா, ஒனக்கு நாக்கு இல்லியா?" என்று ஏசினார். இல்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

லக்கலயில் எங்கள் குடிசையைச் சுற்றி மிளகாய்ச் செடி, அதற்கப்பால் காடு. மனிதக் குரல் கேட்க வேண்டுமானால் வாய்க்காலைத் தாண்டிச் சிங்களப் பொம்பளை பொடி மெனிக்காவின் வீட்டுக்குத்தான் போகவேண்டும். மழை பிடித்ததும் வாய்க்கால் பெருகியது, பாதை உடைந்து பஸ்ஸும் நின்றது. குடிசைக்குள் ஈர விறகின் புகை, வெளியே வந்தால் யானைப் பயம். கதவு பூட்டாமலே ஒரு மனுஷியை அடைத்துவைக்கலாம் என்று அங்கேதான் கண்டேன். ஒருநாள் பொழுது சாயும் நேரம் யானை வேலியைச் சாய்த்துக்கொண்டு உள்ளே வந்தது. வாப்பா காவல் பரணில் நின்று தகரத்தைத் தட்டினார், அது திரும்பிப் பரணையே முட்டியது, இவர் பயந்து குதித்ததில் கால் முறிந்துவிட்டது. யானை செடிகளை மிதித்துக்கொண்டு தன் பாட்டுக்குப் போனது. எப்படித்தான் அவரை உள்ளே இழுத்து வந்தேனோ தெரியாது. விறகுக் கட்டை இரண்டு வைத்து என் முந்தானையைக் கிழித்துக் காலைக் கட்டினேன். தண்ணீர் வடியும்வரை அந்தக் குடிசையில் நாங்கள் இரண்டு பேரும்தான், அவர் வலியில் முனக நான் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்த வலியிலும் அவர் என்ன சொன்னார் தெரியுமா? "கால் சரியானதும் கல்முனைக்குப் போவோம் ஸக்கியா, மருமகன்ட நெல் மில்லுல ஒரு பங்கு எடுத்தா நாம தப்பிடுவோம்." நான் கஞ்சியை வைத்துவிட்டு எழுந்து வெளியே மழையில் நின்றேன். அவருக்கு என் மேல் இரக்கம் இல்லாமலில்லை, எனக்கும் சேர்த்துத்தான் கனவு காண்கிறார். அதுதான் என்னை அதிகமாக மூச்சுமுட்ட வைத்தது. தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கியதும் கம்பை ஊன்றிக்கொண்டு வாய்க்காலைக் கடந்து பொடி மெனிக்காவிடம் போனேன், அவளும் அவள் புருஷனும் மாட்டுவண்டியைப் பூட்டி எங்களைப் பெரிய பாதை வரை கொண்டுவந்து விட்டார்கள். அவர்களுக்கு என்ன கைம்மாறு செய்யப்போகிறேனோ. மாத்தளை ஆஸ்பத்திரியில் காலுக்கு மாக்கட்டுப் போட்டார்கள். உனக்கு அறிவிக்க வேண்டாம், பிள்ளை பயப்படும் என்று வாப்பாதான் தடுத்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து விட்ட அன்று பஸ் ஸ்டாண்டில் கண்டி பஸ் ஒரு பக்கம், நாவுல பஸ் மறுபக்கம். வாப்பா கக்கத்தில் கம்பை வைத்துக்கொண்டு, "கண்டிக்குப் போய் அங்கேருந்து கல்முனைக்கு மாறுவோம், ஏறு" என்றார். நான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நாவுல பஸ்ஸில் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்துவிட்டேன். "ஸக்கியா, அது நம்மட பஸ் இல்ல" என்று கூப்பிட்டார். "எனக்கு இதுதான், நீங்க விரும்பின பஸ்ஸில ஏறுங்க" என்றேன். சொல்லிவிட்டு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டேன், நொண்டிக்கொண்டு நிற்கும் புருஷனை விட்டுப்போகிறாளே என்று சனம் பார்த்தது. அவர் முகத்தைப் பார்த்தால் இறங்கிவிடுவேன் என்று தெரிந்து முன்சீட்டின் கம்பியையே பார்த்தேன். கொண்டக்டர் மணியடித்தான், பஸ் நகர்ந்தது, யாரோ பஸ்ஸின் வெளித் தகரத்தில் ஓங்கித் தட்டினார்கள். கொண்டக்டர் கைகொடுத்து வாப்பாவை ஏற்றினான். என் பக்கத்தில் இடம் இருந்தும் அவர் டிரைவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார், நாவுல வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது பீபி ராத்தாவின் அறையில்தான் இருக்கிறோம். பெரிய மாஸ்டர் என் இடத்துக்கு யாரையும் எடுக்கவில்லை, காலையில் பள்ளிக்கூடம் போகிறேன். வாப்பாவுக்குக் கட்டு அவிழ்த்தாயிற்று, தடியூன்றி நடக்கிறார். என்னோடு பேசுகிறார், சோறு தா, தண்ணீர் தா என்ற அளவில். றோட்டில் பஸ் ஹோர்ன் கேட்டால் எழுந்து நிற்கிறார், அது போனதும் உட்காருகிறார். நான் லக்கலயில் வாசலைப் பார்த்திருந்த மாதிரியே இருக்கிறார் மகளே. பிள்ளைகளுக்குச் சட்டைக் கழுத்து வெட்டச் சொல்லிக்கொடுக்கும்போதுகூட அந்த முகம்தான் என் கண்ணில் நிற்கிறது. நான் வெளியே வந்துவிட்டேன் என்று நினைத்தேன், அவரை உள்ளே வைத்துவிட்டு எங்கே வெளியே வருவது?

மில்லில் இடம் உண்டா என்று கேட்டு எழுதச் சொன்னார், இதோ கேட்டுவிட்டேன். இல்லை என்று சொல் என்று உனக்கு எழுத நினைத்தேன், கை வரவில்லை. மருமகனிடம் பேசு, அவருக்குச் சரிப்படுவதைச் சொல்லட்டும், என் முகத்துக்காகவோ வாப்பாவின் முகத்துக்காகவோ ஒன்றும் சொல்ல வேண்டாம். வரச் சொன்னால் வாப்பா அன்றைக்கே கிளம்புவார், அவர் காலைப் பார்த்துக்கொள், ஈரத்தில் நடக்கவிடாதே, இரவில் நல்லெண்ணெயைச் சூடாக்கித் தேய்த்துவிடச் சொல், கறியில் உறைப்பைக் குறைத்துக் கொடு.

பேரனுக்கு என் முத்தம். நுஹ்மானுக்கு என் ஸலாத்தைச் சொல். அல்லாஹ் உங்கள் வீட்டில் பறக்கத்தையும், ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்கும் மனசையும் தரட்டும். மறக்காமல் இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், வாப்பா வந்தால் அவருக்கு மட்டும் பாய் போடு. நான் பள்ளிக்கூட விடுமுறைக்கு வருவேன், உங்களைப் பார்த்துவிட்டு நாவுலைக்குத் திரும்பிவிடுவேன்.

என்றும் உனக்காகக் கையேந்தும் உன் உம்மா,
ஸக்கியா