சின்னமனூரில் நின்ற கார்

நான் யார்மேல் கோபமாக இருக்கிறேன்? நேற்று தேனியில் வாடகைக் காரில் ஏறி உட்கார்ந்ததிலிருந்து இதை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் தெரியவில்லை. தெரிந்ததுபோல் எழுதவும் எனக்கு வராது.

கம்பத்தில் பள்ளிக்கூடம் ஒன்றைப் பார்வையிடும் வேலை. அன்று நீயும் நானும் வந்த ரயில் இப்போது இல்லை. யுத்தத்துக்கு இரும்பு வேண்டுமென்று தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்து, ஆளில்லாத அந்த ஸ்டேஷன் வாசலிலேயே கார் பேசினேன். பெட்ரோல் கிடைக்காததால் பின்பக்கம் உலை கட்டி, கரிப்புகையில் ஓட்டுகிற கார். டிரைவர் உலையைக் கிளறிவிட்டு, கரிவாடையோடு வந்து முன்னால் உட்கார்ந்தார். பிறகு திரும்பிப் பார்த்துக் கேட்டார்:

"அம்மா இங்கன யாரு வீட்டுக்கு வந்திருக்கீக?"

"யார் வீட்டுக்கும் இல்லை. வண்டியை எடுங்கள்."

நான் சொன்ன வேகத்தில் அவர் முகம் சுருங்கிவிட்டது. அவர் செய்த தப்பு ஒன்றுமில்லை. பல வருஷங்களுக்கு முன்னால் இதே இடத்தில் இன்னொரு டிரைவர் கேட்ட கேள்விக்கு நீ சொல்லியிருக்க வேண்டிய பதிலை, நான் இவரிடம் சொல்லியிருக்கிறேன்.

அன்று நீ ரயிலிலிருந்து இறங்கியபோது எப்படி இருந்தாய் தெரியுமா? இரும்புப் பெட்டியை ஒரு பக்கம் நான் பிடிக்க, மறு பக்கம் நீ பிடித்துக்கொண்டு, "மெதுவாடி, உள்ளே என் குடித்தனமே இருக்கு" என்று சிரித்தாய். கல்லூரியில் இருந்த நாளுக்குப் பிறகு நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. உன் அண்ணனிடம் சொன்னது, கம்பம் பள்ளத்தாக்கைச் சுற்றிப் பார்க்க இரண்டு நாள் போகிறோம் என்று. அருவி, ஏரி, மலையடிவாரம். அதுவும் முழுப் பொய் இல்லை. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் நீ கம்பத்துப் பெண்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியையாகச் சேர வேண்டும். தங்குவதற்கு அங்கேயே ஓர் அறை கொடுத்திருந்தார்கள். சேர்ந்த பிறகுதான் அண்ணனுக்குச் சொல்வது என்று இருவரும் முடிவு செய்திருந்தோம்.

அண்ணன் கெட்டவர் இல்லை என்று நீ ஆயிரம் தடவை சொல்லியிருப்பாய். பதினைந்து வயதில் தாலியை இழந்து திரும்பிய தங்கையை ஊர்ப் பேச்சையெல்லாம் மீறி மதராஸுக்கு அனுப்பிப் படிக்க வைத்தவர்தான். படித்து முடித்ததும், "நம்ம வீட்டுப் பொண்ணு இன்னொருத்தன்கிட்டச் சம்பளத்துக்குப் போய் நிக்கிறதா?" என்று கேட்டவரும் அவர்தான். அதற்கு மேல் அவர் குரலை உயர்த்தியதில்லை. உயர்த்தாமலே உன்னைச் சமையலறைக்கும் பின்கட்டுக்கும் நடுவில் உட்கார்த்தி வைத்திருந்தார். பட்டம் வாங்கிய நீ அவர் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாய்.

அன்றைய டிரைவர் பெயர் கருப்பையா. நடுவயதுக்காரர், பேச்சுப் பிரியர். பெட்டியைப் பின்னால் வைத்துக் கயிறு கட்டும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"தாயி, எந்த வீடு?"

நான் உன் கையை அழுத்தினேன். நீ அழகாகச் சொன்னாய்: அப்பா பெயர், அப்பாவுக்குச் சின்னமனூர் என்பது, சித்தப்பா இன்னும் அங்கேதான் இருக்கிறார் என்பது, அவர் வெற்றிலைக் கொடிக்கால் எந்தப் பக்கம் என்பது வரைக்கும்.

"அட, அவுக வீட்டுப் பிள்ளையா! மொதல்லயே சொல்லக் கூடாதா தாயி?" என்று கருப்பையா பூரித்துப்போனார்.

வண்டி கிளம்பியதும், "எதற்கு இதெல்லாம்?" என்று உன்னிடம் ரகசியமாகக் கேட்டேன். "கேட்டால் சொல்ல வேண்டியதுதானே? சொல்லாமல் இருந்தால் யாருமில்லாதவள் என்று நினைக்கமாட்டாரா?" என்றாய். யாருமில்லாதவளாக இருக்கத்தானே அம்மா நாம் கிளம்பினோம்!

ஆனால் அந்த ஒரு மணி நேரத்தை நான் மறுக்கமாட்டேன். வலது பக்கம் மலை கூடவே வந்தது. நடவு முடிந்த வயல்களில் தண்ணீர் நின்று, அதில் மேகம் போனது. காற்று முக்காட்டைப் பிடுங்கியபோது நீ அதைத் திரும்ப இழுத்துவிடவில்லை. "இந்த மலையை நான் தினமும் பார்க்கப் போகிறேன், ஜன்னலைத் திறந்தால் இருக்கும்" என்றாய். உன்னை அப்படியே கொண்டுபோய் இறக்கியிருக்க வேண்டும்.

சின்னமனூரில் கருப்பையா பிரதான சாலையை விட்டுத் தெருவுக்குள் வண்டியைத் திருப்பினார். கம்பத்துக்குப் போகிற வழி அதுவல்ல என்று எனக்கே தெரிந்தது. ஒரு பெரிய வீட்டு வாசலில் நிறுத்தி, ஹாரனை மூன்று தரம் அமுக்கினார்.

"எதற்கு இங்கே நிறுத்துகிறீர்கள்?" என்றேன்.

"என்னம்மா இப்படிக் கேக்குறீக? அவுக சித்தப்பா வீட்டைத் தாண்டி இந்தப் பிள்ளைய நான் கொண்டு போனேன்னு தெரிஞ்சா, இந்த ரோட்டுல நான் வண்டி ஓட்ட முடியுமா? தண்ணியாச்சும் குடிச்சிட்டுப் போகணும்ல?"

மரியாதை செய்தார், பாவம். பெண்பிள்ளை உறவுக்காரர் வாசலைக் கடந்து, இறங்காமல் போவது அங்கே பெரிய அவமானம். அவருக்கு அது தெரியும், உனக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் அது அவசியமில்லாததாகப் பட்டது.

"இறங்காதே," என்றேன்.

"அஞ்சு நிமிஷம்தான்" என்று இறங்கினாய்.

பி.ஏ. வகுப்பில் பேராசிரியர் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே எழுந்து, "மூன்றாவது வரி தவறு" என்று சொன்னவள் நீ. அவ்வளவு பெரிய மனிதரிடம் நடுங்காத நீ, வாசலில் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்த ஒரு சித்தியின் முன் குழந்தை மாதிரி நின்றாய். அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

சித்தி உன் கன்னத்தைத் தடவினார். "எளைச்சுப் போயிட்டியேத்தா. ஒங்க அண்ணன் வீட்டுல சோறு போடுறாகளா இல்ல படிப்ப மட்டும் போடுறாகளா?" எல்லோரும் சிரித்தார்கள். அதற்குள் கருப்பையா, யாரும் சொல்லாமலே, உன் பெட்டியைக் கயிறவிழ்த்துத் தூக்கிவந்து கூடத்தில் வைத்துவிட்டார். வீட்டுப் பிள்ளையின் பெட்டி வெயிலில் கிடக்கக் கூடாதாம். ஊர் சுற்றிப் பார்க்க இரண்டு நாள் வந்ததாக நான் சித்தியிடம் சொல்லியிருந்தேன்; அவர் அந்தப் பெட்டியைப் பார்த்தார்.

"ரெண்டு நாளைக்கு ஊர் சுத்திப் பாக்க இம்புட்டுப் பெரிய பெட்டியா? கல்யாணச் சீரே கொள்ளும் போலருக்கே!"

நான் வாயைத் திறப்பதற்குள் நீ உண்மையைச் சொல்லிவிட்டாய். பள்ளிக்கூடம், வேலை, அறை, திங்கட்கிழமை, நானும் ஒரு டீச்சர் என்பது, எல்லாம். உன்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லையே நான். கொஞ்சம் சும்மா இருக்கத்தானே சொன்னேன்.

சித்தப்பா அதட்டவில்லை. அதட்டியிருந்தால் நான் பதில் பேசியிருப்பேன். நாற்காலியில் சாய்ந்து, மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் தடுக்கலத்தா. படிக்க வச்சவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிருக்கலாம். அம்புட்டுத்தான்" என்றார்.

"கேட்டால் விடமாட்டார், அதனால்தான் கேட்கவில்லை" என்றேன் நான்.

"டீச்சரம்மா, நீங்க சொல்றது வாஸ்தவமா இருக்கலாம். இன்னிக்குத் தங்குங்க. காலையில யோசிச்சுக்கலாம்."

தங்கினோம். ஏரியும் அருவியும் அன்றோடு போயின. நீ சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாய்.

அதன் பிறகு நீ உன் அண்ணன் வீட்டை விட்டு எங்கும் போகவில்லை. போன மாசம் அதே பின்கட்டில் காய்ச்சல் கண்டு போய்விட்டாய். எனக்குத் தெரியவந்தபோது பதினாறும் முடிந்திருந்தது. துக்கம் விசாரிக்கப் போனேன். உன் அண்ணன் மகள் என்னைத் தனியே அழைத்து, "அத்தைய வேலைக்குப் போகவிடாம சின்னமனூர்ல பூட்டி வச்சாகளாமே, நெசமா?" என்று கேட்டாள். வீட்டில் அப்படித்தான் பேச்சு. நீயே அதை மறுக்காமல் இருந்திருக்கிறாய். எனக்கும் அது வசதியாக இருந்திருக்கும்: சித்தப்பாவைத் திட்டலாம், அண்ணனைத் திட்டலாம், கருப்பையாவைத் திட்டலாம். உன்னை நினைத்து அழுதுவிட்டு வீடு திரும்பலாம்.

அந்தப் பெண்ணும் பி.ஏ. படிக்கிறாள். அவளிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உண்மையைச் சொல்லவும் வரவில்லை. ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். ஆனால் உனக்கும் எனக்கும் நடுவிலாவது அது நடந்தபடி இருக்கட்டும்.

மறுநாள் காலையில் யாரும் எந்தக் கதவையும் பூட்டவில்லை. கருப்பையா வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தார். பெட்டியை அவரே மறுபடி கட்டினார். சித்தப்பா வெளியே வந்து, "போறதுன்னா போத்தா. ஒங்க அண்ணன்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். சித்தி வாழையிலையில் தயிர்ச்சோறு கட்டி உன் மடியில் வைத்தார். "அங்கன போயி இறங்குனதும் அடுப்பா பத்த வைக்கப் போற? இத சாப்பிட்டுக்க."

கருப்பையா முன்னால் ஏறி உட்கார்ந்து கேட்டார்: "கம்பந்தானே தாயி?"

நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை.

"தேனிக்கு விடுங்கண்ணே," என்றாய்.

சித்தப்பாவே ஒரு நிமிஷம் திகைத்து நின்றார். பிறகு வண்டி திரும்பியது. தேனி ஸ்டேஷனில் ரயிலுக்காகக் காத்திருந்தபோது நீ அந்தப் பொட்டலத்தைப் பிரித்து, எனக்குப் பாதி கொடுத்து, ஊறுகாய் நன்றாக இருக்கிறது என்றாய்.