துரைக்காகப் போட்ட கையெழுத்து

திருவொற்றியூர்
4-3-1953

சிரஞ்சீவி மகன் ராசையாவுக்கு அம்மா இசக்கியம்மாள் ஆயிரம் ஆசீர்வாதம் செய்து சொல்லச் சொல்ல உன் தங்கை பூமாரி எழுதிக்கொண்டது. இங்கே அப்பாவுக்கும் எனக்கும் பூமாரிக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை, நீ இருக்கும் பனிமலையில் உனக்கும் அப்படியே இருக்க வேண்டும் என்று வடிவுடையம்மனிடம் தினமும் சொல்லிக்கொண்டுதான் கடையைத் திறக்கிறேன். மனசு சுகமா என்று கேட்டால் இல்லை, அதற்குக் காரணம் நேற்று வந்த உன் கடிதம். பூமாரியை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டேன். போலீஸ் ஸ்டேஷனில் போட்ட கையெழுத்தை நான் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டுமாம், கடையில் மாட்டியிருக்கும் உன் பட்டாளத்துப் படத்தைக் கழற்றி உள்ளே வைக்க வேண்டுமாம், இந்தச் சமயத்தில் பேர் கெட்டால் உனக்கு வரவேண்டிய ஹவில்தார் பட்டை நின்றுபோகுமாம், போயும் போயும் ஒரு கழுதைக்காகவா அம்மா என்று வேறு கேட்டிருக்கிறாய். உனக்கு இதையெல்லாம் எழுதிப் போட்டது யார் என்று எனக்குத் தெரியாதா. உன் கடிதத்தைத் தபால்காரர் நீட்டியதும் உன் அப்பா பின்கட்டில் போய்ப் பருப்பு மூட்டையைப் பிரித்துப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் உனக்குப் பாதிதான் எழுதியிருப்பார், பயந்த மனுஷர், பயத்துக்கு வேண்டியதை மட்டும் எழுதியிருப்பார். முழுவதையும் நான் சொல்கிறேன், கேட்டுவிட்டு அப்புறம் நீ பேசு.

கோவிந்தம்மாவை நீ மறந்திருக்க மாட்டாய், உன் பள்ளிக்கூடத்துச் சட்டைக்கெல்லாம் நீலம் போட்டு வெளுத்துத் தந்தவள் அவள்தான். நீ போன பிறகு எண்ணூர் ரோட்டில் மணல்வெளியில் பட்டாளத்துக் காம்ப் ஒன்று வந்தது, அவர்களுடைய காக்கித் துணியெல்லாம் அவளிடம்தான் வெளுப்புக்கு வரும். அவளுடைய கழுதைக்குத் துரை என்று பேர் வைத்திருந்தாள், லாரிக்காரன் எவ்வளவு ஹாரன் அடித்தாலும் அசையாமல் தலையை நிமிர்த்திக்கொண்டு நடுரோட்டில் நிற்கும், வெள்ளைக்கார துரை போனாலும் இந்தத் துரை போகவில்லை என்று சொல்லிச் சிரிப்போம். தை மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வெளுத்த துணியை எடுத்துக்கொண்டு போய்த் துரையைக் காம்ப் வாசலில் கட்டிவிட்டு உள்ளே துணியை ஒப்படைக்கப் போனாள். மதுவிலக்கு நமக்குத்தான், காம்புக்குள்ளே ரம்முக்கு விலக்கு இல்லை. குடித்திருந்த மூன்று சிப்பாய்கள் துரையின் கழுத்துக் கயிற்றை லாரியின் பின்னால் கட்டி, இது லாரிக்குச் சமமாக ஓடுகிறதா பார்ப்போம் என்று எண்ணூர் ரோட்டில் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். நான் கடையில் ஒருத்திக்கு மிளகாய் நிறுத்துக்கொண்டிருந்தேன், முதலில் சிரிப்புச் சத்தம்தான் கேட்டது. அது ஓட முடிந்த மட்டும் ஓடியது ராசையா. தீப்பெட்டித் தொழிற்சாலைத் திருப்பத்தில் விழுந்தது, அதற்குப் பிறகும் லாரி நிற்கவில்லை. பின்னாலேயே கோவிந்தம்மா வாயில் அடித்துக்கொண்டு, யோவ் நிறுத்துங்கய்யா, வாயில்லா ஜீவன்யா, உங்க துணியத்தானே சொமந்துகினு வந்துச்சு என்று கத்திக்கொண்டு ஓடிவருகிறாள். நம் கடைக்கு நேர் எதிரே வந்ததும் மேலே இருந்தவன் ஒருவன் கயிற்றை அறுத்துவிட்டான், திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். நாலு காலிலும் தோல் இல்லை, ஒரு பக்கத்து வயிறு முழுக்கப் புண். கோவிந்தம்மா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள், நான் தவலையோடு தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன், உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டது, குடிக்கவில்லை. விளக்கு வைக்கும் நேரத்துக்குள் போய்விட்டது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது, இன்னும் அது தணியவில்லை.

மறுநாள் எல்லோரும் சேர்ந்து ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கே இருந்தவர் கழுதை குறுக்கே வந்து லாரியில் அடிபட்டது என்று எழுதிக்கொள்ளலாமே என்றார். மீனவர் குப்பத்துத் தலைவர் நீலமேகம், அவரை உனக்குத் தெரியும், சின்ன வயதில் உன்னைக் கட்டுமரத்தில் ஏற்றிக்கொண்டுபோய் வாந்தி எடுக்க வைத்தாரே அவர்தான், அவர் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு, குறுக்க வந்த கய்தையோட கழுத்துல கவுறு எப்புடிய்யா லாரி நீட்டுக்கு வந்துச்சு என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் சரியாக எழுதிக்கொண்டார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் ரேகை வைத்தார்கள், என் முன்னாலும் மைப்பெட்டியைத் தள்ளினார்கள், நான் பேனா கொடுங்கள் என்றேன். நீ பட்டாளத்துக்குப் போகிறதற்கு முந்தின வருஷம் கடையில் பொட்டலம் கட்டுகிற காகிதத்தில் என் பேரைப் பெரிசாக எழுதி, அதன்மேலேயே எழுது அம்மா என்று தினமும் எழுத வைத்தாயே, அதைத் தவிர வேறு எழுத்து எனக்கு வராது, அந்த ஒரு பேரைத்தான் எழுதினேன். நீ கற்றுக்கொடுத்த கையெழுத்தை நீயே திரும்ப வாங்கச் சொல்கிறாய்.

ஊர் கொதித்த கொதிப்பை நீ பார்க்கவில்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் இதே பேச்சு, ஆலையில் வேலை செய்கிற ஜனங்கள் ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போகாமல் ஊர்வலமாகக் காம்ப் வாசலில் போய் நின்று கூச்சல் போட்டார்கள், பட்டணத்திலிருந்து ஜீவகாருண்ய சங்கத்தார் வந்து எழுதிக்கொண்டு போய்க் கோர்ட்டில் காம்பின் மேல் வழக்கும் போட்டுவிட்டார்கள். சிரித்தவர்களும் உண்டு. ஒரு பசுவாக இருந்தால் சரி, கோயில் யானையாக இருந்தால் சரி, கழுதைக்குப் போய் ஊர்வலமா என்று நம் கடையில் நின்றே ஒருவர் கேட்டார், நான் அவர் வாங்கின சர்க்கரையைத் திருப்பிக் கொட்டிக்கொண்டு வேறு கடையைப் பார்க்கச் சொன்னேன். நீலமேகம் குப்பத்தில் தமுக்கடித்துக் கட்டுப்பாடு சொன்னார், அந்த மூன்று பேர் யார் என்று காம்ப் வெளியே சொல்கிற வரைக்கும் அவர்களுக்கு மீன் இல்லை, பால் இல்லை, சவரம் இல்லை, வெளுப்பு இல்லை என்று. கூட்டத்தில் அவர் சொன்னது எனக்கு இன்னும் காதில் நிற்கிறது, கய்தைக்கா இம்மாம் பேஜாருன்னு கேக்குறாங்கோ, இன்னிக்குக் கய்தையைக் கட்டி இஸ்தான், நாம சும்மா இருந்தா நாளிக்கு நம்மளைக் கட்டி இஸ்துகினு போவான் என்றார். வெங்காயம், பருப்பு வாங்கக் காம்ப் வண்டி நம் கடைக்கு வந்தது, உன் அப்பா படியைக் கையில் எடுத்துவிட்டார், நான் போய் வாசலில் நின்று வண்டியைத் திருப்பி அனுப்பினேன். அன்றைக்கு முழுக்க அவர் என்னோடு பேசவில்லை, சோறு மட்டும் குறையாமல் சாப்பிட்டார். காம்பில் அவர்களே கால்வாய் உப்புத்தண்ணீரில் துணி துவைத்து, காக்கி எல்லாம் திட்டுத்திட்டாகச் சாம்பல் பூசினதுபோல ஆகி, பரேடில் மேலதிகாரி வந்து பார்த்துச் சத்தம் போட்டாராம். அதைக் கேட்டுத்தான் கோவிந்தம்மா முதல் தரம் சிரித்தாள்.

அதற்குப் பிறகுதான் சுபேதார் ஒருவர் நம் கடைக்கு வந்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். உன் படத்தைப் பார்த்தார், உன் நம்பர், நீ இருக்கிற கம்பெனி எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. தெரியாமல் எப்படி இருக்கும், காம்ப் சிப்பாய்கள் யார் வந்தாலும் உன் விலாசத்தைச் சொல்லி, அந்தப் பக்கம் போனால் என் பிள்ளைக்கு இந்தக் கருப்பட்டியைக் கொடுங்கள் என்று நான்தானே எல்லோரையும் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னார், உங்க பையனும் பட்டாளத்துல இருக்கான், அவன் மேல வர்ற நேரம், பட்டாளத்து மானத்தை ஒரு பட்டாளத்துக்காரனோட தாயே தெருவுல இழுக்கலாமா, நல்லா யோசனை பண்ணுங்கம்மா என்று. நான் சொன்னேன், மானத்தை நான் இழுக்கல அய்யா, லாரியில கட்டி இழுத்தது உங்க ஆளுக, நான் பார்த்ததைச் சொன்னேன், அம்புட்டுதான். வேறு கழுதை வாங்கித் தருகிறோம் என்று கோவிந்தம்மாவிடமும் சொல்லிப் பார்த்தார். அவள், புதுக் கய்தைக்கு நாலு காலு கீதுன்னு எனுக்கும் தெர்யும், என் துரையோட கால தேச்சவன் யாரு, அத்த சொல்லு என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

நான் ஒரே ஒரு வழி சொன்னேன் ராசையா, அதை உன் அப்பா உனக்கு எழுதியிருக்க மாட்டார். நம் கோயில் மகிழமரத்தடியில் சொன்ன சொல்லை மீறினால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும், சாமிக்குத் தோழராக இருந்தவருக்கே கண் போன ஊர் இது, இங்கே கொடுக்கல் வாங்கலில் சண்டை வந்தாலும் மகிழமரத்தடிக்கு வா என்றுதானே கூப்பிடுவோம். மாசித் திருவிழாவில் மகிழடி சேவை அன்றைக்கு அந்த மூன்று பேரும் மரத்தடிக்கு வந்து, நாங்கள் கட்டி இழுக்கவில்லை என்று சத்தியம் செய்யட்டும், அந்த நிமிஷமே ஸ்டேஷனுக்கு வந்து என் கையெழுத்தை அடித்துத் தருகிறேன் என்று சுபேதாரிடம் சொன்னேன். அவருக்கும் அந்தக் கதை தெரியும்போல, முகம் மாறிப்போய் எழுந்து போய்விட்டார். மகிழடி சேவை போன வாரம் நடந்தது. குப்பத்து ஜனம், ஆலை ஜனம் எல்லாம் வந்தது, ராயபுரத்து மாதா கோயில் வேதக்கார ஜனம்கூட ரயிலேறி வந்து கோயிலுக்குள் வராமல் வெளியே நின்றார்கள். நான் மரத்தைத் தொட்டு நான் பார்த்தது சத்தியம் என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். சாமி புறப்பாடு முடிந்தது, தீபாராதனை முடிந்தது, கூட்டம் ஒருவரும் கலையவில்லை, காம்பிலிருந்து ஒருவனும் வரவில்லை. பொய்ச் சத்தியம் செய்யப் பயந்தவரைக்கும் அவர்களுக்கும் நல்லதுதான், ஆனால் மரத்தைத் தொட்டுச் சொல்லிவிட்ட பிறகு என்னால் ஒரு எழுத்துகூடத் திரும்ப எடுக்க முடியாது.

போயும் போயும் ஒரு கழுதை என்று எழுதியிருக்கிறாயே, போன கார்த்திகையில் நீ என்ன எழுதினாய். பாறையில் கால் வழுக்கிப் பனிக்குள் விழுந்த உன் கோவேறு கழுதையை விட்டுவிட்டு வரச் சொன்னார்கள், நான் வரவில்லை, என் கம்பளியை அதன்மேல் போட்டுவிட்டு ராத்திரி முழுக்க அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு படுத்தேன், காலையில் இரண்டு பேரும் எழுந்து நடந்தோம் என்று எழுதினாய். அந்தக் கடிதத்தைக் கேட்டு நான் அழுதேன், கோவிந்தம்மாவுக்கும் படித்துக் காட்டச் சொன்னேன், நம்ம ராசையா புள்ள கய்தைக்கு மன்சன் மாரி என்று அவள் சொன்னாள். பட்டாளத்தின் மானம் அந்தப் பனியில் உன்னோடு படுத்திருந்தது, எண்ணூர் ரோட்டில் சிரித்துக்கொண்டு போனவர்களிடம் இல்லை. அதனால்தான் உன் படத்தை நான் கழற்றவில்லை, துடைத்து இன்னும் கொஞ்சம் வெளிப்பக்கமாக மாட்டியிருக்கிறேன், ரோட்டில் போகிறவர்கள் பார்க்கட்டும். இந்தக் கடிதத்தை வழியில் யாராவது பிரித்துப் பார்த்தாலும் பார்க்கட்டும், புரியாவிட்டால் தமிழ் தெரிந்தவரைக் கூப்பிட்டுப் படித்துக்கொள்ளட்டும். உனக்குப் பட்டை தராவிட்டால் தராமல் போகட்டும், வேலையே போனால் வீட்டுக்கு வா, உன் அப்பாவுக்கு முதுகு பிடித்துக்கொள்கிறது, மூட்டை தூக்க ஆள் வேண்டியிருக்கிறது. எனக்கு உன்மேல் கோபம் இல்லை என்று சொன்னால் பொய், இருக்கிறது, ஆனால் பயத்தில் எழுதினாய் என்றும் தெரியும், அந்தப் பயம் உன் அப்பா வழியில் வந்தது.

வழக்கு வருகிற திங்கட்கிழமை. இந்தக் கடிதம் மலையேறி உன் கைக்கு வருவதற்குள் நான் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டியதைச் சொல்லி இறங்கியிருப்பேன், அதனால் வேண்டாம் என்று தந்தி அடித்துக் காசைக் கரியாக்காதே. கோவிந்தம்மா என் சுங்குடிச் சேலையை வெளுத்துப் பெட்டி போட்டு மடித்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள், இப்போது மூட்டையெல்லாம் தலையில்தான் சுமக்கிறாள், குப்பத்துப் பெண்கள் ஆளுக்கொரு கை கொடுக்கிறார்கள். உன் அப்பா நேற்று சாயங்காலம் பருப்பு மூட்டையை விட்டு எழுந்து வந்து, திங்கட்கிழமை கடையைச் சாத்திவிட்டு நானும் கோர்ட்டுக்கு வருகிறேன், உன்னைத் தனியாக விட்டால் வக்கீலை அடித்துவிடுவாய் என்றார். அவரிடமிருந்து இது பெரிய பேச்சு, நீயும் அவரை மன்னித்துவிடு. பூமாரிக்குக் கண் கட்டி வந்து சரியாகிவிட்டது, தூத்துக்குடியிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது, அதைப்பற்றி மட்டும் எழுதக்கூடாது என்று அடம் பிடிக்கிறாள், இருந்தாலும் எழுது என்று எழுத வைத்திருக்கிறேன். சுக்கும் கருப்பட்டியும் தனிப் பார்சலில் வருகிறது, காம்ப் ஆட்களிடம் இனிமேல் கொடுக்கப்போவதில்லை. பீடி பழகாதே, காதை மூடிக்கொண்டு படு, நெஞ்சில் சளி கட்டினால் ஆஸ்பத்திரிக்குப் போகக் கூச்சப்படாதே. உன் கோவேறு கழுதைக்குக் குளம்பில் போட்ட நம்பர்தான், பேர் கிடையாது என்று எழுதியிருந்தாய். இனிமேல் அதைத் துரை என்று கூப்பிடு, கோவிந்தம்மாவிடம் கேட்டுவிட்டேன், அவள் சரி என்றாள். நீ சீரோடும் சிறப்போடும் நீண்ட ஆயுளோடும் இருக்க வேண்டும். இதோடு பூமாரியின் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொள்கிறேன், கீழே இருப்பது நானே போட்டது, ஸ்டேஷனில் போட்டதும் இதுதான், வித்தியாசம் இருக்கிறதா என்று நீயே பார்த்துக்கொள்.

இப்படிக்கு
உன் அம்மா
சி. இசக்கியம்மாள்