இன்னும் ஒரு கிழமை

அன்புள்ள உங்களுக்கு,

சாப்பிட்டீர்களா? நம் வீட்டுப் பக்கம், வுப்பர்டாலில், குளிர் கூடிவிட்டதாம். ஹீட்டரைக் கூட்டி வையுங்கோ.

நான் இங்கே ஆவணக் காப்பகத்தில் வாசிப்பது நாடகங்களை அல்ல, நாடகக்காரரின் பிழைப்பை. நானூறு வருடங்களுக்கு முன் இங்கிலாந்து நடிகர்கள் கடல் கடந்து, நான் இருக்கும் இந்த ஊருக்கு வந்து ஆடியிருக்கிறார்கள். ஆடுவதற்கு நகரசபை அனுமதி தரவேண்டும். நுழைவுக் கட்டணத்தையும் சபையே தீர்மானிக்கும். அனுமதி முடிகிற நாளில் அவர்கள் மறுபடி விண்ணப்பிப்பார்கள்: இன்னும் ஒரு கிழமை, ஏழே நாள். மழை பெய்தது, ஒருவனுக்குக் காய்ச்சல், வண்டிச் சில்லு உடைந்தது என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம். அடுத்த ஊருக்குப் போகப் பயமாக இருக்கிறது என்று மட்டும் எழுதமாட்டார்கள்.

குழந்தைக்கென்று நீங்கள் மஞ்சள் பூசிய அறையைப் பூட்டியே வையுங்கோ. தொட்டிலைக் கடைக்காரர் திருப்பி எடுத்தார்களா என்று நான் கேட்கவில்லை. நீங்களும் சொல்லவேண்டாம்.

என் வேலை போன மாதமே முடிந்துவிட்டது. வாசித்த தாள்களையே திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். இன்று சபையின் பதில் ஒன்று கண்ணில் பட்டது: "போதும், நாளை புறப்படுங்கள்." மறுநாளே போய்விட்டார்கள். அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது.

ஞாயிறு போன் எடுத்து, "எப்ப வாறீர்?" என்று கேட்பீர்கள். நான் இன்னும் ஒரு கிழமை கேட்பேன், நல்ல காரணமும் வைத்திருப்பேன். வழக்கம்போல, "ஓம், அவசரமில்லை, ஆறுதலா வாரும்" என்று விட்டுவிடாதேயுங்கோ.

ஏலாது என்று சொல்லுங்கோ.

உங்கள் மனைவி