ஆற்றில் போன பியானோ

கிரீன்புஷ், பிப்ரவரி 1807

அன்பு மகள் லவீனியாவுக்கு,

நானும் அம்மாவும் உயிரோடு சுகமாயிருக்கிறோம், சார்ல்ஸ்டனில் நீயும் மாப்பிள்ளையும் நலமாயிருக்கக் கர்த்தர் கிருபை செய்வாராக. ஆல்பனியில் வீடிருக்க அப்பா ஏன் எதிர்க்கரையிலிருந்து எழுதுகிறார் என்று யோசிப்பாய். திரும்பிப் போகப் பயமாயிருக்கிறது மகளே, அவ்வளவுதான்.

இங்கே ஹூக் அம்மாள் தன் பெண்களுக்காக என்னிடம் வாங்கிய பியானோவைப் போன வாரம் சறுக்கு வண்டியில் ஏற்றி, உறைந்த ஆற்றின்மேல் கொண்டுவந்தேன். வண்டிக்காரன் டெர்க்கை உனக்குத் தெரியும். நடு ஆற்றில் குளம்போசை மாறியது, கெட்டியாகக் கேட்ட ஓசை பொத்தென்று இறங்கிவிட்டது, திரும்பிவிடலாம் என்றேன். வாத்தியாரே, பனிக்கும் சுதி பாப்பீங்களோ, பேசாம உக்காருங்க என்று அவன் சிரிக்கும்போதே பின்பக்கம் பிளந்தது. நான் முன்னே குதித்துவிட்டேன், குதிரையின் வாரை அறுக்கப் போன டெர்க் கழுத்தளவு தண்ணீரில் விழுந்தான். நல்லவேளை, பியானோவின் மூடியைத் தனியே கழற்றிக் கம்பளியில் சுற்றி வந்திருந்தேன், அதை இழுத்துப் பிளவின் குறுக்கே தள்ளி அதன்மேல் குப்புறப் படுத்தேன். இழுங்க, காலு மரத்துப்போச்சு என்று முனகினான், இழுத்துவிட்டேன். இரண்டு கால்விரல் போயிற்று, ஆள் பிழைத்தான். பியானோ மூழ்கும்போது தண்ணீர் புகுந்து தந்திகளெல்லாம் ஒன்றாக முனகின, அந்தச் சத்தம் காதைவிட்டுப் போகவில்லை. அதற்குப்பின் நான் ஆற்றில் கால் வைக்கவில்லை, ஹூக் அம்மாள் வீட்டிலேயே தங்கிவிட்டேன்.

நேற்று காலை அக்கரையில் ஒரு சிவப்புச் சால்வை தெரிந்தது, உன் அம்மா. வேண்டாம் வேண்டாமென்று இரண்டு கையையும் ஆட்டினேன், கூப்பிடுகிறேன் என்று நினைத்து வேகமாக நடந்துவந்தாள். அவள் அடியெடுத்து வைப்பதைப் பார்த்து மண்டியிட்டேன், ஜெபம்கூட வாயில் வரவில்லை. கரையேறியவள் என் முகத்தைப் பார்த்து, பியானோதான் போச்சு, நீங்களும் இங்கயே குடியிருந்திடலாம்னு பாத்தீங்களா, கிளம்புங்க வீட்டுக்கு என்றாள். முடியாதென்றேன். அப்படின்னா நான் போறேன், அடுப்பு அணைஞ்சு கெடக்கு என்கிறாள்.

வசந்தத்தில் வருவதாக எழுதியிருந்தாய், படகு ஓடத் தொடங்கிய பின்புதான் புறப்பட வேண்டும், மாப்பிள்ளை அவசரப்பட்டாலும் கேட்காதே. நெஞ்சில் குளிர் படாமல் பார்த்துக்கொள். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. அம்மா உனக்கு முத்தம் அனுப்பச் சொன்னாள், இப்போது அவள் இந்த வீடெல்லாம் தன் பூட்ஸைத் தேடிக்கொண்டிருக்கிறாள், அது என் காலடியில் மேசைக்குக் கீழே இருக்கிறது.

உன் அப்பா,
எபனேசர் ஃபெல்