குதிரைக்கு அடியில் ஒரு முகம்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நலம்தானே? என் அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? நான் சௌக்கியம்.

ஒரு வேடிக்கை கேள். கேலரி முதலாளிக்கு என் பழைய நீலக் குதிரைகள் மட்டும்தான் வேண்டும், ஒப்பந்தம் அப்படி. என் கையோ அதைத் தாண்டி எங்கோ போய்விட்டது. அதனால் முதலில் உன் முகத்தை வரைந்து, அதன்மேல் குதிரையைப் பூசிவிடுவேன். போன தடவை அடிவண்ணம் காய்வதற்குள் பூசிவிட்டேன். வாங்கியவர் வீட்டுச் சுவரில் குதிரையின் வயிறு வெடித்து, உன் கண் எட்டிப் பார்த்திருக்கிறது!

தொலைந்தேன் என்றிருந்தேன். முதலாளியோ, "இதுதாங்க உங்க புது ஸ்டைல்! இதே மாதிரி இன்னும் பத்து போட்டுக் குடுங்க" என்கிறார். இனி உன்னையும் ஆர்டருக்குத்தான் வரைய வேண்டும்.

அவர் படியேறும் சத்தம் கேட்கிறது, முடிக்கிறேன். தூரிகை துடைக்க உன் பழைய நூல்புடவை ஒன்று அனுப்பு. துவைக்க வேண்டாம்.

உன்னவன்