பயப்படத் தெரியாத ஆட்டக்காரன்

அன்புள்ள மாப்பிள்ளை,

நீ இருக்கிற இடத்தில் செஸ் போர்டு உண்டா? இல்லையென்றாலும் யாரையாவது பிடித்து உட்காரவைத்துக் கட்டம் கிழித்திருப்பாய், உன்னைத் தெரியாதா எனக்கு.

சிதம்பரத்தில் உன் வீட்டு மேசையில் நம் கடைசி ஆட்டம் அப்படியே நிற்கிறது. என் தங்கை செல்வி காய்களை நகர்த்தாமலே தூசி தட்டுகிறாள். கடலூரிலிருந்து நான் எஸ்எம்எஸ்ஸில் ஒரு நகர்த்தல் அனுப்புவேன், நீ யோசித்து ஒன்று அனுப்புவாய், ஒரே ஆட்டம் மாதக்கணக்கில் ஓடும். அன்று நான் யானையை நகர்த்தி அனுப்பினேன். உன் பதில் வரவில்லை, செல்வியின் போன்தான் வந்தது. மாரடைப்பு என்றார்கள்.

இங்கே நடப்பதைச் சொல்கிறேன், கோபப்படாதே. நீ இருந்தபோதே உலக சாம்பியன் ஒருவர் கம்ப்யூட்டரிடம் தோற்றார். ஒரே நகர்த்தலில் செக்மேட் ஆவதைக்கூடக் கவனிக்காமல் விட்டார். "அவுரு அசந்துட்டாரு மச்சான். மெஷின் கணக்குதான் போடும், ஆடாது" என்று என்னோடு மல்லுக்கட்டினாய். இப்போது அந்தச் சண்டைக்கே ஆள் இல்லை. கிராண்ட் மாஸ்டர்கள் ஆடும்போது யார் கை ஓங்கியிருக்கிறது என்பதைச் சுற்றியிருப்பவர்கள் கம்ப்யூட்டரைக் கேட்டுத்தான் சொல்கிறார்கள். மாவட்டத்தையே அடித்த நீயும், உன்னிடம் உதை வாங்கியே வளர்ந்த நானும் அதற்கு ஒன்றுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் போயிருந்தேன். காப்பியை வைத்துவிட்டு செல்வி கேட்டாள். "இந்த ஆட்டத்துல அவுரு ஜெயிச்சிருப்பாராண்ணே?"

இத்தனை நாளும் அவள் எதையும் கேட்டதில்லை. அழுததைக்கூட நான் பார்த்ததில்லை. சரியான பதில் சொல்ல வேண்டுமே என்று லேப்டாப்பைத் திறந்து, காய்களை அப்படியே அதில் அடுக்கினேன். காப்பி ஆறுவதற்குள் சொல்லிவிட்டது. சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினால் போதும், மெல்ல மெல்ல நீ ஜெயிப்பாய்.

ஆனால் நீ அந்தச் சிப்பாயைத் தொட்டிருக்கவே மாட்டாய். எதிராளியின் ராஜாவுக்குப் பக்கத்தில் குதிரையைப் பலி கொடுக்காவிட்டால் உனக்குச் சோறு இறங்காதே! அதையும் வைத்துப் பார்த்தேன். மெஷின் குதிரையை வெட்டியது. தன் ராஜாவை இரண்டு கட்டம் வெளியே நடத்தியது. அவ்வளவுதான், உன் கையில் ஒன்றும் மிச்சமில்லை.

உன் குதிரைகள் முக்கால்வாசி நேரம் தப்புக் கணக்குதான் மாப்பிள்ளை. ஆனால் எதிரே உட்கார்ந்தவன் பயந்துபோவான். எத்தனை பெரிய ஆட்டக்காரர்கள் அந்தக் குதிரையைப் பார்த்ததும் வேர்த்து, கண்ணுக்கு நேரே இருந்த வழியை விட்டிருக்கிறார்கள்! நீ ஜெயித்ததெல்லாம் அந்தப் பயத்தை வைத்துத்தான். இந்த மெஷினுக்கு அது கிடையாது. அதை எதிரே உட்காரவைத்துவிட்டு உன்னை எப்படி அளப்பேன்?

"என்னண்ணே, மெஷின் என்ன சொல்லுது?"

"சிப்பாயத் தள்ளியிருந்தா ஜெயிச்சிருப்பாருன்னு மெஷின் சொல்லுதும்மா. குதிரைய வெச்சிருந்தா தோத்திருப்பாராம்."

அவள் லேப்டாப்பைப் பார்க்கவே இல்லை. "அவுரு ஆடுனது இதுகூடவா? ஒங்கூடத்தான? அந்தக் குதிரையப் பாத்து நீ பயந்திருப்பியா மாட்டியா, அத சொல்லு."

"அடுத்த வாரம் சொல்றேம்மா" என்று கிளம்பிவிட்டேன். பஸ் ஏறி, வழியில் ஆலப்பாக்கம் தாண்டும்வரை பயந்து பார்க்க முயன்றேன். கண்ணை மூடி உன் குதிரையை வைத்துப் பார்க்கிறேன், பயம் வரவில்லை. ராஜா நடந்து போகும் அந்த இரண்டு கட்டம்தான் தெரிகிறது. பார்த்ததைப் பார்க்காமல் ஆக்க எனக்கு வழி தெரியவில்லை. நீ இருந்தால் சொல்லுவாயா?

செல்வியிடம் மட்டும் அடுத்த ஞாயிறு போய்ச் சொல்லிவிடுகிறேன், இது சத்தியம். உன் குதிரை வந்திருந்தால் நான் நடுங்கியிருப்பேன். நடுங்கி, தப்பாக ஆடி, உன்னிடம் எப்போதும்போலத் தோற்றிருப்பேன். அவள் வீட்டுக்காரர்தான் ஜெயித்திருப்பார்.

உன்னிடம் இனி தோற்க முடியாத,
உன் மச்சான்,
கடலூர் முதுநகர்.