நல்ல காலிலிருந்து ஒரு துண்டு

1947 பிப்ரவரி 11
இன்றும் கட்டைப் பிரிக்கவில்லை. மாவுக்கட்டுக்குள் சீழ் நாறுகிறது. பார்க்க வருகிறவர்கள் சேலைத்தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இப்போது எப்படி இருக்கிறது டீச்சர் என்கிறார்கள். எப்படி இருக்கும்? உப்பு லாரி ஏறி, எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்த கால். உள்ளே புண் ஆறுகிறது, நாற்றத்துக்குப் பயப்படாதீர்கள் என்கிறார் டாக்டர் அருணாசலவடிவு. நாறுவது அவர் கால் இல்லையே.

பிப்ரவரி 26
கட்டைப் பிரித்தார்கள். உடைந்த இடத்தில் எலும்பு செத்துவிட்டதாம். அதை எடுத்தால்தான் புண் மூடும். எடுத்தால் நடுவில் எலும்பே இருக்காது.
நாசரேத்திலிருந்து எஸ்றா அண்ணன் வந்தான். வந்ததும் டாக்டரிடம், காலையே எடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறான். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.
"ஏளா, உசுரு கெடந்தாப் போதும்."
"என் கால எடுக்க என்கிட்டல்லா கேக்கணும்?"
அழுதான். அதற்கும் எரிச்சல் வந்தது. அழ வேண்டியவள் நான்.

மார்ச் 3
டாக்டர் என் பேச்சைத்தான் கேட்டார். செத்த எலும்பை மட்டும் எடுத்திருக்கிறார். கால் இருக்கிறது.

ஆகஸ்ட் 15
ஊரெல்லாம் கொடி. வார்டில் எல்லோருக்கும் லட்டு. கட்டு மாற்றத்தான் ஆளில்லை.

அக்டோபர் 30
புண் ஒருவழியாக மூடிவிட்டது. ஆனால் ஊன்றினால் கால் நடுவில் வளைகிறது — கால் என்று பேருக்கு.
நல்ல காலிலிருந்து ஒரு துண்டு எலும்பு வெட்டி அங்கே வைக்கலாமாம். "ஒட்டும்னு சத்தியம் பண்ண மாட்டேன் டீச்சர்" என்கிறார் டாக்டர். உருப்படியாக இருப்பதே ஒரு கால். அதிலும் கத்தியா? நர்ஸ் ஹில்டாவிடம், உன் கால் என்றால் என்ன செய்வாய் என்று கேட்டேன்.
"பயமாத்தான் இருக்கும்க்கா. ஆனாலும் குடுப்பேன்."

நவம்பர் 4
அண்ணன் வந்தான். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ என்னளா சொல்லுத?" என்று கேட்டான்.
செய்யட்டும் என்றேன்.

நவம்பர் 9
இப்போது இரண்டு காலும் வலிக்கிறது. யாரைத் திட்ட? நானே கேட்டு வாங்கிக்கொண்டது.

1948 பிப்ரவரி 20
எக்ஸ்ரே படத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து டாக்டர் பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். நல்லதையாவது உடனே சொல்லித் தொலைக்கக் கூடாதா இந்த மனுஷன்?
"எலும்பு ஒட்டிப் பிடிச்சிருக்கு."
அவ்வளவுதான். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். ஹில்டாதான் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஜூன் 14
பள்ளிக்கூடம் திறந்தது. உடைந்த கால் சற்றுக் குட்டை. கம்பு ஊன்றித்தான் நடை. கரும்பலகைக்குப் பக்கத்தில் எனக்காக ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். நாள் முழுக்க அதில் உட்காரவே இல்லை என்பதைச் சாயங்கால மணி அடித்தபோதுதான் கவனித்தேன். பிள்ளைகள் அதன்மேல் தங்கள் சிலேட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.